இரண்டு கார்புரேட்டர், ஒரே ஆக்ஸிலேட்டர்

கேள்வி: மாமா வைத்திருந்த ராஜ்தூத் ஆர்டி 350 பைக் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஐட்லிங் நிற்பதில்லை. மெதுவாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வெட்டி வெட்டி ஓடுகிறது. வலப்பக்க சைலன்சர் மட்டும் அதிகமாகப் புகைக்கிறது. கார்புரேட்டர் இரண்டையும் 'சிங்க்' செய்ய வேண்டும், அதாவது ஒன்றுபோல வேலை செய்யும்படி சமப்படுத்த வேண்டும் என்கிறார்கள். அதற்காக உறிஞ்சலை அளக்கும் இரட்டை வேக்வம் கேஜ் ஒன்று வாங்கினேன். வண்டியில் அதை மாட்ட இடமே இல்லை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாத நான் இதை வீட்டில் செய்ய முடியுமா? அண்ணனிடம் பழைய கவாசாகி நிஞ்ஜா 250ஆர் பைக் இருக்கிறது. கேஜ் அதற்காவது உதவுமா?
— திருப்பூர் வாசகர்

பதில்: முடியும். ஆனால் அந்தக் கேஜை இப்போதைக்கு டப்பாவிலேயே வையுங்கள். உங்கள் வண்டியில் அதை மாட்ட இடமில்லாதது குறையல்ல, அதற்கு அது தேவையே இல்லை. ஆர்டி டூ ஸ்ட்ரோக் வண்டி. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழே உள்ள அறையான கிராங்க் கேஸ் உறிஞ்சும், காற்றை உள்ளே விடும் ரீட் வால்வு திறக்கும், இறங்கும்போது மூடிக்கொள்ளும். அந்த உறிஞ்சல் விட்டு விட்டு வருவது. கேஜ் முள் அதில் நிலைகொள்ளாது. இந்த வண்டியில் நாம் சமப்படுத்துவது உறிஞ்சலை அல்ல. இரண்டு கார்புரேட்டருக்குள்ளும் ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடுகளின் உயரத்தைத்தான். கண்ணும் விரலும் இரண்டு டிரில் பிட்டும் போதும்.

அதற்கு முன், வலப்பக்கப் புகை எனக்கு உறுத்துகிறது. ஆர்டியில் கிளட்ச் இருப்பது வலப்பக்கம். அந்தப் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் தேய்ந்தால், வலது சிலிண்டர் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். கியர் ஆயில் அளவைப் பாருங்கள், நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் சிங்க் வேலையைத் தொடாதீர்கள். வண்டி முதலில் மெக்கானிக்கிடம் போக வேண்டும். இடப்பக்க சீல் போனால் கதை வேறு. அங்கே ஆயில் இல்லை, காற்றுதான் உள்ளே போகும். ஐட்லிங் தானாக ஏறி நிற்கும், பிஸ்டன் சூடேறும். கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும் இதே அறிகுறிதான். ஐட்லிங்கில் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரைக் கொஞ்சமாக அடியுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது என்று அர்த்தம். சூடான சைலன்சர் பக்கம் மட்டும் அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

பாயிண்ட் (பிளக்குக்குத் தீப்பொறியைத் தூண்டும் சுவிட்ச்), டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), பிளக் எல்லாம் இரு பக்கமும் சரியாக இருக்க வேண்டும். ஆர்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாயிண்ட், தனிக் காயில். ஒரு பக்கம் டைமிங் பிசகிய வண்டியில் கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் பலன் இல்லை. சிங்க் என்பது கடைசி வேலை. 'கார்புரேட்டர் செட்டிங்' என்று என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் பாயிண்டிலேயே சரியாகிப் போயிருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. எஸ்கார்ட்ஸ் 1983-இல் இங்கே கொண்டுவந்த இந்த வண்டியில் ஹை டார்க் (இழுவிசை கூடியது), லோ டார்க் (குறைந்தது) என்று இரண்டு வகை. இத்தனை வருடத்தில் எத்தனை கை மாறியிருக்குமோ, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் எந்த வண்டியின் கார்புரேட்டர் எதற்கு ஏறியதோ! இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்யும்போது பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட், பைலட் ஜெட் எண்கள் இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப் ஒரே பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடின் அடியில் ஒரு எண் பொறித்திருக்கும், அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இடதும் வலதும் வேறு வேறு என்றால், சமமாகத் தூக்கினாலும் சமமாக ஓடாது.

இனி வேலைக்கு வருவோம். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து வரும் ஒரே கேபிள் வழியில் பிரிந்து, இரண்டு கார்புரேட்டருக்கும், இன்ஜினுக்கு டூ ஸ்ட்ரோக் ஆயில் தரும் ஆயில் பம்புக்கும் போகிறது. ஒவ்வொரு கார்புரேட்டரின் தலையிலும், ரப்பர் குல்லாவுக்குக் கீழே, கேபிள் அட்ஜஸ்டரும் லாக் நட்டும் இருக்கும். இரண்டு அட்ஜஸ்டரையும் நன்றாக உள்ளே திருகிக் கேபிளைத் தளர்த்திவிடுங்கள். இப்போது ஸ்லைடுகளைத் தாங்கி நிற்பது பக்கவாட்டில் உள்ள ஐட்லிங் ஸ்க்ரூ மட்டும்தான். அதைத் தளர்த்தி, ஸ்லைடு முழுக்க அடியில் உட்கார்ந்ததும், மறுபடி உள்ளே திருகிக்கொண்டே வாருங்கள். ஸ்லைடைத் தொடும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து இரு பக்கமும் ஒன்றரைச் சுற்று. ஐட்லிங்கில் பெட்ரோலோடு சேரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை மெல்ல அடிவரை மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி மூடினால் ஊசிமுனை நசுங்கும், ஜாக்கிரதை.

அடுத்தது கேபிள். இதை அவசரப்படாமல் செய்யுங்கள், மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது.

ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரைக் கழற்றினால் இரண்டு கார்புரேட்டரின் வாயும் தெரியும். 3 மில்லிமீட்டர் டிரில் பிட் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்குள்ள பக்கம் வேண்டாம், ஸ்லைடைக் கீறும். வழவழப்பான அடிப்பக்கத்தை உள்ளே நுழைத்து, ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருப்பி ஸ்லைடைத் தூக்கி, அடியில் வைத்து, விடுங்கள். ஸ்லைடு பிட்டைப் பிடித்துக்கொள்ளும். நீளமான பகுதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நுனியில் ஒரு நூலைக் கட்டி வெளியே தொங்கவிடுங்கள். பிட் உள்ளே போய்விட்டால் நீங்கள் இன்ஜின் பிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்போது ஆக்ஸிலேட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். இரண்டு பிட்டின் நுனியும் ஒரே நொடியில் தலை சாய வேண்டும். எது முந்துகிறதோ அந்தப் பக்கத்து ஸ்லைடு முதலில் தூக்குகிறது. பிந்துகிற பக்கத்து அட்ஜஸ்டரைக் கால் சுற்று வெளியே எடுத்து மறுபடி வைத்துப் பாருங்கள். நாலைந்து தடவை ஆகும். அட்ஜஸ்டரில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கேபிள் தளர்ச்சி இரு பக்கமும் மிச்சம் இருக்க வேண்டும். அது இல்லாமல் விறைப்பாக இழுத்துவிட்டால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் வண்டி தானாக ரேஸ் ஆகும். லாக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை சோதியுங்கள். இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடச் சுற்றிக்கொள்ளும். புதிதாகச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

முடித்ததும் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருப்பிச் சட்டென்று விடுங்கள். இரண்டு ஸ்லைடும் 'டக்' என்று ஒரே சத்தமாக விழ வேண்டும். விழாமல் இழுத்தாலோ, சத்தம் இரண்டாகக் கேட்டாலோ, கிக்கரைத் தொடாதீர்கள். ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனவுடன் இன்ஜின் அலறும். ஸ்லைடில் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

பிட்டுகளை எடுத்தாச்சா என்று எண்ணிப் பாருங்கள். ரப்பர்களை மாட்டுங்கள். ஒரு சுற்று ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, திறந்த இடத்தில் நிறுத்துங்கள். காற்றில் குளிரும் இன்ஜின் இது, நின்ற இடத்தில் ரொம்ப நேரம் ஓடக்கூடாது. முன்னால் ஒரு டேபிள் ஃபேன் இருந்தால் நல்லது. இரண்டு சைலன்சர் வாயருகிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள். கையில் அடிக்கும் துடிப்பு இரு பக்கமும் ஒரே வலுவில் இருக்கிறதா? வலுக்குறைந்த பக்கத்து ஐட்லிங் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே, மற்றதைக் கால் சுற்று வெளியே. பிறகு ஒவ்வொரு ஏர் ஸ்க்ரூவையும் மெல்ல உள்ளேயும் வெளியேயும் திருகி, இன்ஜின் வேகமாகச் சுற்றும் இடத்தில் விடுங்கள். ஐட்லிங் ஏறினால் இரண்டு ஐட்லிங் ஸ்க்ரூவையும் ஒரே அளவு குறையுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவை நிறைய மாற்றியிருந்தால் டிரில் பிட் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

ஐட்லிங் கடிகாரம் போல நிற்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஐட்லிங்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரியாது. ஒன்று விட்டு ஒன்று எரியும், நடுவில் தடுமாறும். அந்தத் தாளம்தான் ஆர்டியின் குரலே. இரு பக்கமும் ஒரே மாதிரித் தடுமாறினால் போதும்.

இதோடு முடிந்தது என்று நினைத்துதான் நான் ஒரு பிஸ்டனைத் தின்றேன். தொழில் பழகிய காலத்தில், கேபிளை அழகாகச் செட் செய்துவிட்டு, மதுராந்தகம் தாண்டும்போது வண்டி கிறீச்சிட்டு நின்றது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். ஆயில் பம்பை மறந்திருந்தேன். கார்புரேட்டர் கேபிளின் தளர்ச்சியைக் குறைத்தால் ஸ்லைடுகள் முன்பைவிடச் சீக்கிரம் திறக்கும். பம்புக் கேபிள் பழைய நிலையிலேயே இருந்தால், பெட்ரோல் முன்னால் போகும், ஆயில் பின்தங்கும். ஆகவே கார்புரேட்டர் முதலில், பம்பு அடுத்து. இந்த வரிசையை மாற்ற முடியாது. வலப்பக்கம் பம்பு மூடியைக் கழற்றினால் பம்புச் சக்கரத்தில் ஒரு குறியும் பக்கத்தில் ஒரு பின்னும் தெரியும். ஆக்ஸிலேட்டர் எந்த நிலையில் இருக்கும்போது இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும் என்பது மேனுவலில் இருக்கிறது. அதன்படி பம்புக் கேபிள் அட்ஜஸ்டரைத் திருகுங்கள். பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். மாமாவும் அப்படித்தான் செய்திருந்தார் என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை. ஆனால் அதை அவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அடுத்த தடவை பெட்ரோல் போடாதீர்கள்.

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படத்தில் பார்த்த நிறம் வருகிறதா என்று தேட வேண்டாம். ஒன்றுக்கொன்று ஒத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி அண்ணனுடைய நிஞ்ஜா. 2009-இல் இங்கே வந்த நிஞ்ஜா 250ஆர் ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். கேஜுக்கு வேலை இங்கேதான். ஆக்ஸிலேட்டர் நேரடியாகத் திருப்புவது காற்று வழியில் தட்டுபோல இருக்கும் வண்ணத்துப்பூச்சி வால்வை. ஸ்லைடை உறிஞ்சலே தூக்கிக்கொள்ளும். இரண்டு வால்வுகளையும் இணைக்கும் இடத்தில், கார்புரேட்டர்களுக்கு நடுவே, ஒரே ஒரு சிங்க் ஸ்க்ரூ. முன்னதாக இன்ஜின் வால்வுகளின் டாப்பெட் இடைவெளி சரிபார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் உறிஞ்சலை அதுவும் மாற்றும்.

மலிவான கேஜை நம்பும் முன் சோதியுங்கள். ஒரு டி-இணைப்பு வழியாக இரண்டு கேஜையும் ஒரே முனையில் மாட்டினால் இரண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டவில்லையா? கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதே, அதைவிட நேர்மையான கருவி இல்லை. நாலைந்து மீட்டர் ஒளிபுகும் டியூபை 'யூ' வடிவில் ஒரு பலகையில் கட்டி, அடிப்பகுதியில் டூ ஸ்ட்ரோக் ஆயிலை ஒரு முழ உயரம் ஊற்றி, இரு முனைகளையும் இரண்டு கார்புரேட்டரின் வேக்வம் முனைகளில் மாட்டுங்கள். ஒருவேளை இன்ஜினுக்குள் போனாலும் எரிந்துவிடும் என்பதால்தான் ஆயில். பாதரசம் வேண்டவே வேண்டாம், அது விஷம். முள்ளோ ஆயிலோ துடித்தால், மீன்தொட்டிக்கு விற்கும் குட்டி வால்வை ஒவ்வொரு டியூபிலும் போட்டுப் பாதி மூடுங்கள்.

ஆயில் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அங்கே உறிஞ்சல் அதிகம். அந்த வால்வு மற்றதைவிட மூடியிருக்கிறது. சிங்க் ஸ்க்ரூவைக் கடுகளவு திருப்புங்கள், ஆக்ஸிலேட்டரை ஒரு முறை தட்டிவிடுங்கள், ஐட்லிங்குக்கு வந்ததும் பாருங்கள். ஆயில் வேகமாக ஏறினால் உடனே இன்ஜினை அணையுங்கள். இரு மட்டமும் மில்லிமீட்டர் சுத்தமாக நிற்கவில்லையே என்று ராத்திரி முழுக்க உட்காராதீர்கள். கவாசாகி பொதுவாக அனுமதிக்கும் வேறுபாடு 2 சென்டிமீட்டர் பாதரசம். ஆயில் பாதரசத்தைவிடப் பதினைந்து மடங்கு லேசு என்பதால், உங்கள் டியூபில் அது 30 சென்டிமீட்டர். மூன்று விரல் அகலத்துக்குள் வந்தாலே கடைக்காரர் செய்வதைவிடச் சுத்தமாகச் செய்துவிட்டீர்கள்.

பெட்ரோல் டேங்கைக் கழற்ற வேண்டியிருந்தால், தனியாகச் சின்ன பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் தொங்கவிட்டு, பெட்ரோலுக்கான ரப்பர் டியூபிலேயே கொடுங்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் டியூப் பெட்ரோலில் விறைத்துக் கழன்றுவிடும், கீழே சூடான இன்ஜின் இருக்கிறது. வேலை முடிந்ததும் வேக்வம் முனைகளில் இருந்த ரப்பர் மூடிகளை மறக்காமல் மாட்டுங்கள். ஒன்றை விட்டாலும் அந்த ஓட்டை வழியே காற்று புகுந்து, ஐட்லிங் மறுபடி முதலிலிருந்து ஆடும்.