நட்சத்திர வீரரை அனுப்பிவிட்டால் அணி தேறிவிடுமா?

வணக்கம் நண்பரே. உங்கள் கூடைப்பந்து அணியில் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் வீரர்களைக் குறை சொல்கிறார், நட்சத்திர வீரரோ பயிற்சியாளரைக் கைகாட்டுகிறார். அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி 2023-24 பருவத்தில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றது. 82 ஆட்டங்களில் வென்றது 14தான். அப்போதும் தங்கள் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாமை அவர்கள் விடவில்லை. நிர்வாகத் தலைமையையும் பயிற்சியாளரையும் மாற்றினார்கள். டோபியஸ் ஹாரிஸ் போன்ற அனுபவசாலிகளைச் சேர்த்தார்கள். அடுத்த பருவத்திலேயே 44 வெற்றிகள், பிளே ஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றில் ஆடும் வாய்ப்பு!

பேட்டிகளை விடுங்கள். உங்கள் நட்சத்திரம் எறிந்த பந்து வளையத்தில் விழாதபோது என்ன செய்கிறார் என்று பாருங்கள். நடுவரிடம் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாரா? எதிரணி ஐவர் பாய்ந்து வர, நம் பக்கம் நால்வர் மட்டும் தடுக்க ஓடுகிறார்களா? அதற்குப் பிறகும் பயிற்சியாளர் அவரை வெளியே அழைக்காவிட்டால் குற்றம் இருவருடையது. பெஞ்சில் இருக்கும் இளம் வீரர்கள் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாளை அவர்களும் ஓட மாட்டார்கள். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். சான் அன்டோனியோ அணியின் பயிற்சியாளராக இருந்த கிரெக் பாப்பவிச், தன் நட்சத்திர வீரர் டிம் டங்கனையே எல்லார் முன்பும் கடிந்துகொண்டதுண்டு. டங்கன் அதை ஏற்றுக்கொண்டதால் மற்றவர்களுக்கு முணுமுணுக்க வழியில்லாமல் போயிற்று.

வெளியே உட்காரவைத்தும் திருந்தவில்லை என்றால் மட்டும் அவரை அனுப்புவதைப் பற்றிப் பேசலாம்.