பாளையங்கோட்டை அக்காவுக்கு

அக்கா, 48 வயது, பிள்ளைகள் இரண்டும் சென்னைக்குப் போய்விட்டார்கள், ராத்திரி தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன், மாதவிடாயும் தாறுமாறாக வருகிறது, வீட்டுக்காரரோ "உனக்கு என்ன குறை" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். குறை இருந்தால்தான் இப்படி வரும் என்றில்லை. மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 45-லிருந்து 55 வயதுக்குள், அதற்குச் சில வருடம் முன்பே ஹார்மோன் ஏறி இறங்கி தூக்கத்தையும் மனசையும் ஆட்டிவைக்கும். ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள், தைராய்டும் ரத்தசோகையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ரத்தப்போக்கு அதிகமாக இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிப்போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் அவருக்குப் புரியும்.

அப்புறம், பழக்கத்தில் நாலு பேருக்கு உலை வைத்துவிட்டு மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது அழுகை வருகிறது என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. அது பைத்தியக்காரத்தனம் இல்லை அக்கா, இருபது வருடமாகச் செய்த வேலை திடீரென்று நின்றுபோன துக்கம், அழுதுவிடுங்கள். தாங்கமுடியாத நாளில் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். கல்யாணத்தோடு விட்ட தையலை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள்.