தோள்பட்டைத் தசைநாண் கிழிந்தால் ஆபரேஷன் கட்டாயமா?

கேள்வி: எனக்கு வயது 56. ஆறு மாதமாக வலது தோளில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. கையைத் தூக்கினால் பாதியில் பிடித்துக்கொள்கிறது. எங்கும் விழவில்லை, அடிபடவும் இல்லை. எம்ஆர்ஐ ஸ்கேனில் 'ரொட்டேட்டர் கஃப்' தசைநாண் கிழிந்திருப்பதாக வந்திருக்கிறது. அடிபடாமல் எப்படிக் கிழியும்? ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

பதில்: அடிபடாமலும் கிழியும். உங்கள் வயதில் பெரும்பாலும் அப்படித்தான் கிழிகிறது.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. அதில் கை எலும்பின் உருண்டைத் தலை விலகாமல் நிற்பதற்குக் காரணம், அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்கள். இவற்றைச் சேர்த்துத்தான் 'ரொட்டேட்டர் கஃப்' என்கிறோம். அவற்றில் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ்தான் வழக்கமாக முதலில் கிழிவது. அது எலும்பில் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ரத்த ஓட்டம் குறைவு. கையைத் தூக்கும்போது மேலே உள்ள எலும்பு விளிம்புக்கடியில் அது உரசவும் செய்யும். வருடக்கணக்கில் இப்படி நடந்தால், பழைய துணி மடிப்பில் நைவதைப் போல இழை இழையாக விட்டுப்போகும். கையைத் தலைக்கு மேல் தூக்கியே செய்யும் வேலை, புகைப்பழக்கம், சர்க்கரை நோய் எல்லாம் இதைத் துரிதப்படுத்தும்.

வலியே இல்லாத 60 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்து பார்த்தாலும் பலருக்கு இந்தக் கிழிசல் இருக்கும். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஆபரேஷனை முடிவு செய்வது சரியில்லை என்பதே என் கருத்து.

உங்களைப் போல மெல்ல மெல்ல நைந்து கிழிந்தவர்கள் முதலில் மூன்று மாதம் ஒழுங்காக பிசியோதெரபி செய்து பார்க்கலாம். முழுசாகக் கிழிந்த நாண் அதனால் ஒட்டிவிடாது. மற்ற தசைகள் பலப்பட்டு அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும், பலருக்கு அதுவே போதும். வலி தாங்காமல் உடற்பயிற்சியே செய்ய முடியவில்லை என்றால் ஒரு ஸ்டீராய்டு ஊசி உதவும். திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளாதீர்கள், நாண் இன்னும் பலவீனமாகும்.

விழுந்த பிறகு திடீரென்று கையைத் தூக்க முடியாமல் போனால் கதை வேறு. அங்கே தள்ளிப்போடக் கூடாது, சில வாரங்களுக்குள் தைத்துவிடுவது நல்லது. அறுந்த நாண் உள்ளே சுருங்கிப் போகும், அதன் தசையில் கொழுப்பு படியும். படிந்த கொழுப்பு பெரும்பாலும் திரும்பக் குறைவதில்லை. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் தூக்கம் கெடும் அளவுக்கு வலி இருந்தாலோ, கையில் பலம் குறைந்துகொண்டே போனாலோ நீங்களும் ஆபரேஷனை யோசிக்க வேண்டியதுதான். கிழிசலின் அளவு என்ன, நாண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, தசையில் கொழுப்பு படிந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது பெரும்பாலும் ஆர்த்ராஸ்கோப்பிதான். சின்னச் சின்னத் துளைகள் வழியாக கேமராவையும் கருவிகளையும் செலுத்துவார்கள். நாண் ஒட்ட வேண்டிய எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நூல் கோத்த 'ஆங்கர்' என்ற சிறு திருகுகளை அதில் இறக்கி, அந்த நூலால் நாணை இழுத்துக் கட்டுவார்கள். தைக்கவே முடியாத அளவு பெரிய கிழிசலோடு மூட்டும் தேய்ந்துபோன வயதானவர்களுக்கு, பந்தும் கிண்ணமும் இடம் மாறிய 'ரிவர்ஸ்' செயற்கை மூட்டு இருக்கிறது. 1980-களில் பிரான்சில் பால் கிராமோன் என்ற எலும்பு அறுவை மருத்துவர் உருவாக்கிய வடிவமைப்பு அது. உங்களுக்கு அந்தப் பேச்சே இப்போது வேண்டாம்.

உண்மையான சோதனை தையலுக்குப் பிறகுதான். நூல் நாணைப் பிடித்து மட்டுமே வைத்திருக்கும், எலும்போடு ஒட்டுவதை உடம்புதான் செய்ய வேண்டும். நான்கிலிருந்து ஆறு வாரம் கை ஸ்லிங்கில் இருக்கும். அந்தக் கையால் ஒரு தம்ளர் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது. படுத்தால் வலிக்கும் என்பதால் முதல் சில வாரம் பலர் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்கள். ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பிறகு கையைத் தானாக அசைக்கலாம், பலப்படுத்தும் பயிற்சி மூன்றாவது மாதத்தில். முழுப் பலம் வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். இரண்டாவது மாதத்தில் வலி குறைந்ததும் 'சரியாகிவிட்டது' என்று பாரம் தூக்கினால் தைத்த இடம் மறுபடி கிழியலாம். புகைப்பவராக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே விட்டுவிடுங்கள். புகைப்பவர்களுக்கு நாண் சரியாக ஒட்டுவதில்லை.