ஆறு மாதக் குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழில் ஆரம்பிக்கலாமா?

"குழந்தைக்கு ஆறு மாதம் முடியப்போகிறது, கேழ்வரகுக் கூழ் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். 180 நாள் முடிந்து, தலை நன்றாக நின்று, பிடித்துக்கொண்டால் உட்கார்ந்து, நீங்கள் சாப்பிடும்போது வாயைத் திறந்தால் குழந்தை தயார்.

கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, மெல்லிய துணியில் பால் பிழிந்து, அடிபிடிக்காமல் கிண்டுங்கள். பலரும் கோட்டைவிடுவது பதத்தில்தான். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று வழியாமல் மெதுவாக இறங்க வேண்டும். முதல் நாள் இரண்டு மூன்று டீஸ்பூன் போதும். துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். விழுங்கப் பழக நாளாகும். 8 மாதம் வரை தினமும் 2, 3 வேளை. தாய்ப்பாலும் தொடரட்டும்.

ஆனால் கூழோடு நின்றுவிடாதீர்கள். இந்த வயதில் தாய்ப்பாலில் கிடைக்கும் இரும்புச்சத்து போதாது. குழைந்த பருப்புச் சாதம், மசித்த கீரை, நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். முட்டைக்கு ஒரு வயது வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன், பெரியவர்கள் எவ்வளவு சொன்னாலும், நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைக் கொண்டுவரும். முழு வேர்க்கடலையும் திராட்சையும் தொண்டையை அடைக்கும். புதிதாக எதையாவது கொடுத்து முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.