வால்தரிடம் கற்க என்ன இருக்கிறது?

*வணக்கம். என் தாத்தா நாகர்கோவில் கன்கார்டியா செமினரியில் படித்துப் போதகரானவர். வால்தர் என்ற பெயரை மிகுந்த மரியாதையோடு சொல்வார். இப்போது தேடிப் படித்தால், ஒழுக்கம் கெட்ட ஒருவரை நம்பிக் கப்பலேறியவர், அடிமைமுறைக்காகப் பேசியவர் என்று தெரிகிறது. இவரிடம் நாம் கற்க என்ன இருக்கிறது?*
*ஒரு வாசகர், நாகர்கோவில்*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்த இரண்டுமே உண்மைதான்.

அமெரிக்காவில் லுத்தரன் போதகராக வாழ்ந்த சி. எஃப். டபிள்யூ. வால்தர் 1811-ல் ஜெர்மனியின் சாக்ஸனியில் ஒரு போதகரின் வீட்டில் பிறந்தவர். லைப்சிக்கில் மாணவராக இருந்தபோது, தன் பாவம் மன்னிக்கப்பட்டதா என்ற கலக்கம் அவரை வாட்டியது. அப்போது ஆறுதலாகக் கடிதம் எழுதியவர் டிரெஸ்டன் போதகர் மார்ட்டின் ஸ்டீஃபன். அந்த நன்றிக்கடன்தான் வால்தரைக் கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன். 1838-ல் ஸ்டீஃபனை நம்பி ஏறக்குறைய 700 பேர் ஐந்து கப்பல்களில் அமெரிக்கா புறப்பட்டார்கள். அமாலியா என்ற கப்பல் கரை சேரவே இல்லை. மற்றவர்கள் அமெரிக்காவின் மிசோரி மாநிலத்துக்கு வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை, ஸ்டீஃபனின் பெண் தொடர்புகள் அம்பலமாயின. பொதுப்பணத்தைக் கையாண்டதிலும் புகார். 1839 மே மாதம் அவரைப் படகில் ஏற்றி மிசிசிப்பியின் அக்கரையில் கொண்டுபோய் விட்டார்கள்.

அதற்குப் பின் நடந்ததற்காகத்தான் எனக்கு வால்தர் முக்கியமானவர். பிஷப்பாக ஏற்றிருந்த ஸ்டீஃபன் போய்விட்டார். சொந்த ஊர்ச் சபையை விட்டு வந்ததே பாவமோ என்று மக்கள் தவித்தார்கள். நாம் இனி ஒரு சபைதானா, நம் போதகர்கள் தரும் திருவிருந்து செல்லுமா என்று கேட்டார்கள். சிலர் ஜெர்மனிக்கே திரும்ப நினைத்தார்கள். 1841 ஏப்ரலில் மிசோரியில் அவர்கள் குடியேறிய ஆல்டன்பர்க்கில் இதுபற்றிப் பொது விவாதம் நடந்தது. எதிர்த்தரப்பில் மார்பாக் என்ற வழக்கறிஞர். நோயில் கிடந்த மாதங்களில் லுத்தரை ஊன்றிப் படித்திருந்த வால்தருக்கு அப்போது 29 வயது. நாம் தவறினோம் என்று ஒப்புக்கொண்டே அவர் பேசினார்: வசனமும் ஞானஸ்நானமும் திருவிருந்தும் இருக்கும் இடத்தில் சபை இருக்கிறது, போதகரை அழைக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கே உண்டு. ஏமாந்து நின்ற ஏழை ஜனங்களிடம் இதைச் சொன்னது பெரிய காரியம். 1847-ல் உருவான மிசோரி சினாடு என்ற லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பு இந்த அடிப்படையில்தான் நின்றது. முதல் தலைவரும் வால்தர்தான். அவர் 1887-ல் இறந்தார். 1895-ல் அந்தச் சினாடின் மிஷனரி நேதர் கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கிவிட்டார். உங்கள் தாத்தாவின் செமினரி அந்த வழியில் வந்தது.

அடிமைமுறை விஷயத்துக்கு வருகிறேன். வேதம் அதைப் பாவம் என்று சொல்லவில்லை என்று அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதுகூட அவர் வாதாடினார். காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. நார்வேயிலிருந்து குடியேறிய லுத்தரன் விசுவாசிகள் பலர் அதே காலத்தில் இந்த வாதத்தை ஏற்க மறுத்தார்கள். சாதாரணச் சபையாருக்கு இவ்வளவு உரிமை கேட்டவர், விற்கப்பட்ட மனிதர்களுக்கு அதைக் கேட்கவில்லை. என் வருத்தம் அதில்தான்.

ஆனாலும் ஆசிரியராக அவரைப் படியுங்கள். 1884-85-ல் செயின்ட் லூயிஸ் கன்கார்டியா செமினரியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நியாயப்பிரமாணமும் (கடவுளின் கட்டளை) சுவிசேஷமும் (மன்னிப்பின் நற்செய்தி) பற்றி மாணவர்களுக்குப் பேசினார். கேட்டு எழுதிய குறிப்புகளிலிருந்து பின்னாளில் புத்தகமானது. பயந்து நொறுங்கியவனிடம் மேலும் மிரட்டலைப் பிரசங்கிக்காதே என்று அதில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மாணவப் பருவத்தில் தானே அப்படி நொறுங்கிக் கிடந்தவர். முதலில் அதை எடுத்துப் படியுங்கள். சபை பற்றிய கனமான நூல்களை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்.