ஈர விறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு நண்பர்கள் பழனி மலைக் காட்டில் கூடி வாழப் போகும் உங்கள் நாவலைப் படித்தேன். காட்டெருமையையும் பசியையும் தாண்டியவர்கள் விறகுச் சண்டையில் பிரிவதை நம்ப முடியவில்லை. நாங்கள் நாலு பேர் அப்படி ஆளில்லாத ஒரு காட்டில் வாழப் போகிறோம். என்னென்ன பொருட்கள் அவசியம்?

வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

பொருட்களைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டெருமைக்கு வழிவிட்டு நின்றால் பெரும்பாலும் அது பாட்டுக்குப் போய்விடும். விறகுக்கு வருவோம்.

உங்கள் வயதில் நாங்கள் ஆறு பேர் அதே பழனி மலையில், தாண்டிக்குடிக்கு மேலே ஒரு பழைய காப்பித் தோட்ட வீட்டில் இருந்தோம். அரிசி, பருப்புக்குக் குறைவில்லை. ஐப்பசி மழை பிடித்து, பதினோரு நாள் விடவில்லை. தீப்பெட்டி நமத்துப் போகாமல் அரிசிக்குள் புதைத்து வைத்தோம். விறகை என்ன செய்வது? "நேத்தும் நான்தானே போனேன்" என்றான் ஒருவன். அவ்வளவுதான். யார் எத்தனை கட்டு சுமந்தார் என்று ஆளாளுக்கு மனதில் கணக்கு ஓடத் தொடங்கியது.

மழைக்கு ஒதுங்கிய, அந்த மலைப் பழங்குடியான பளியர் பெரியவர் ஒருவர் எங்கள் அடுப்பைப் பார்த்தார். அரிவாளால் ஈரக் கட்டையின் மேல்பக்கத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு, உள்ளே காய்ந்திருந்த வைரத்தைச் சிராய் சிராயாகச் சீவினார். தீ பற்றியது. நாங்கள் முகம் கொடுத்துப் பேசாததையும் கவனித்திருக்கிறார். "ஒத்துவரலைன்னா எந்திரிச்சுப் போயிரணும் சாமி. கோவம் ஆறினா வந்துக்கலாம்" என்றார்.

1960களில் பளியரோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னரும் இதை எழுதியிருக்கிறார்: சண்டை முற்றும் முன்பே ஒருவர் விலகிப் போய்விடுவார். யாரும் யாரையும் அதட்டுவதில்லை. இப்படி வாழத் தெரிந்தவர்கள் காலகாலமாக இருக்கும் மலையை "ஆளில்லாத காடு" என்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. நீங்கள் காடு என்று பார்க்கும் இடம் அவர்கள் வள்ளிக்கிழங்கு தோண்டும் இடம், தேனெடுக்கும் பாறை. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் அந்த மண்ணுக்கு மனுவோடு அலைபவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள்.

விறகுக் கணக்கு சொன்னவன் மறுநாள் வத்தலக்குண்டு பஸ் ஏறிவிட்டான். மூன்றாம் நாள் இருட்டும் நேரத்தில் நனைந்துகொண்டு திரும்பி வந்தான். அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்தான். நாங்கள் ஐந்து பேருக்குத்தான் சோறு வடித்திருந்தோம். மூடியைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தான். விடிந்தபோது அவன் இல்லை.