விண்டோலாண்டாவின் ஈரமண் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வட இங்கிலாந்தில், ரோமானியப் பேரரசின் எல்லையாக இருந்த ஹேட்ரியன் சுவருக்கு அருகிலுள்ள விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையின் படங்களைப் பார்த்தேன். தாழ்ந்த கற்சுவர்களே எஞ்சியிருக்கின்றன. பல பத்தாண்டுகளாக அகழ்ந்தும் பெரும்பகுதியை இன்னும் தொடவில்லை என்கிறார்கள். முழுவதையும் விரைந்து தோண்டி முடித்தால் என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கண்ட கற்சுவர்கள் மேலடுக்கைச் சேர்ந்தவை. விண்டோலாண்டாவின் அருஞ்செல்வம் அவற்றுக்குக் கீழே ஈரமண்ணில் இருக்கிறது. கி.பி. 122-இல் ஹேட்ரியன் சுவரின் பணி தொடங்குவதற்கு முன்பே, ஏறத்தாழ 85-ஆம் ஆண்டில், அங்கே மரத்தாலான முதல் கோட்டை எழுந்தது. பின்னர் வந்த படைப்பிரிவுகள் பழையதை இடித்து, அதன்மீது களிமண்ணையும் புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளையும் பரப்பி, புதியதைக் கட்டின. காற்றுப் புகாத அந்த ஈர அடைப்புக்குள் மரமும் தோலும் மக்கவில்லை. வீரர்களுடையவை மட்டுமல்லாமல் பெண்கள், குழந்தைகளின் காலணிகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் கிடைத்திருப்பது இதனால்தான்.

1973-இல் அகழாய்வாளர் ராபின் பர்லி அங்கே மரச்சீவல் போன்ற மெல்லிய ஏடுகளைக் கண்டெடுத்தார். ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்தபோது உள்ளே மையெழுத்து தெரிந்தது. காற்றுப் பட்டதும் விரைவில் மங்கி மறைந்தது. அகச்சிவப்பு ஒளிப்படம் எடுத்த பிறகே அதைப் படிக்க முடிந்தது. ஏறத்தாழ 1900 ஆண்டுகள் மண் காத்த எழுத்து வெளியே சிறிது நேரம்கூடத் தாங்கவில்லை என்பதே விரைந்து தோண்டுவதற்கு எதிரான என் முதல் வாதம்.

அந்த ஏடுகள் இல்லையென்றால் எல்லைக் காவல் என்றதும் சுவரில் நிரையாக நிற்கும் வீரர்களைத்தான் கற்பனை செய்திருப்போம். அங்கே தங்கியிருந்த முதலாம் துங்ரியப் படைப்பிரிவின் கணக்கேடு ஒன்று வேறு காட்சியைத் தருகிறது: மொத்தம் 752 பேர், அவர்களில் 456 பேர் வெளியூர்ப் பணிகளில் இருந்தார்கள், கோட்டையில் எஞ்சிய 296 பேரிலும் 31 பேர் நோய், காயம், கண்ணழற்சி ஆகியவற்றால் பணிக்கு உதவாதவர்கள். மற்றோர் ஏட்டில் கிளாடியா செவேரா என்ற பெண், கோட்டைத் தலைவரின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். எழுத்தர் எழுதிய மடலின் கீழே தம் கையாலேயே சில வரிகளைச் சேர்த்திருக்கிறார். பெண்ணொருவர் இலத்தீனில் எழுதிக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றில் அவ்வரிகளும் அடங்கும். இத்தகையவற்றை அவசரக் கைகளிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தோண்டாமல் விட்டாலே எல்லாம் பிழைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. பருவநிலை மாற்றத்தால் நிலம் உலர்ந்து, மண்ணுக்குள் காற்றுப் புகத் தொடங்கினால் ஏடுகளும் தோலும் அங்கேயே அழிந்துவிடும். அருகிலுள்ள மேக்னா கோட்டையில் இந்த அச்சத்தோடுதான் மண்ணின் ஈரத்தைக் கண்காணித்தபடி அகழ்கிறார்கள். உலரும் இடங்களை முதலில் அகழ்ந்து, ஈரம் நிலைத்திருக்கும் இடங்களை இன்னும் நுட்பமான கருவிகளோடு வரப்போகும் தலைமுறைக்கு விட்டுவைப்பதையே நான் ஆதரிக்கிறேன்.